கழற்றச் சொன்ன குரல்

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. என்னோடு வேலை செய்த ஸகியா இன்னும் மருதமுனையில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டால் அவளும் இதையே சொல்வாள். ஆனால் பகலில் கேளுங்கள். அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு இதைப் பற்றி அவள் வாய் திறக்கமாட்டாள்.

என் பெயர் றுமானா. ஊர் நிந்தவூர். கொரோனா காலத்தில் கல்முனைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்தேன். இல்லத்தின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையின் கடைசி வீடு அது. இரண்டு மாடி. பதினான்கு பேர் இருந்தார்கள். பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் இருப்பவர்கள், பிள்ளைகளே இல்லாதவர்கள், பிள்ளைகள் பக்கத்து ஊரிலேயே இருந்தும் வராதவர்கள்... எல்லாரும் கலந்துதான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஓகஸ்ட் மாதம். டெல்டா வந்து நாடே பூட்டிக் கிடந்தது. பிரதான வீதியில் ஒரு பஸ் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு மட்டும் சொல்வார்கள், தொழுகைக்கு ஆள் போக முடியாது. கச்சான் காற்று பகல் முழுக்கச் சுழற்றி அடிக்கும். காற்று நின்றால் கடல் இரைவது கேட்கும். வேறு சத்தம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, அங்கே இருந்தவர்களில் சீனிமுகம்மது மூத்தாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். ஆறு பேருக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. மூச்சு முட்டினால் மட்டும் கொண்டு வாருங்கள், மற்றவர்களை அங்கேயே தனியாக வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பவிதரன் சேர். காரைதீவுக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரே நாளில் வீட்டை இரண்டாகப் பிரித்தார். கீழே பின்பக்கத்து மண்டபம் நோயாளிகளுக்கு. அதைச் சிவப்புப் பக்கம் என்றோம். முன்பக்கமும் மேல்மாடியும் நோயில்லாதவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் களஞ்சிய அறை இருந்தது. அரிசி மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு அதைக் கழற்றும் அறையாக்கினார்.

உள்ளே வேலை முடிந்து வருபவர் அந்த அறையில் நின்றுதான் உடுப்பைக் கழற்ற வேண்டும். அறையின் ஒரு பக்கம் மண்டபத்துக் கதவு. மறு பக்கம் கதவு இல்லை. நிலையிலிருந்து தரை வரை தடித்த பொலித்தீன் திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் குளோரின் தண்ணீரில் நனைத்த சாக்கு விரித்திருக்கும்.

முதல் நாள் எங்களைக் கூப்பிட்டுப் பழக்கினார். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து எங்கள் கையுறைகளில் பூசினார்.

“இப்ப எல்லாத்தையும் கழட்டுங்க பாப்பம்.”

கழற்றினோம். முடித்துவிட்டுப் பார்த்தால் ஸகியாவின் கழுத்தில் நீலம். என் காதில் நீலம். எங்களோடு வேலை செய்த சுபியான் காக்காவின் மூக்கு நுனியில் நீலம். எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

சேர் சிரிக்கவில்லை.

“இந்த நீலம்தான் கொரோனா. உள்ள நிக்கக்குள்ள ஒருத்தருக்கும் தொத்துறல்ல. கழட்டக்குள்ளதான் தொத்துற.”

பிறகு முறையைச் சொல்லித் தந்தார். முதலில் கையுறை. பிறகு கவுன். பிறகு முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தட்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் கைக்கு மருந்து. மாஸ்க் மட்டும் அந்த அறைக்குள் கழற்றவே கூடாது. திரையைத் தாண்டி, முற்றத்துக்குப் போய், காற்றில் நின்றுதான் கழற்ற வேண்டும்.

“மாஸ்க் கடைசி,” என்றார். “மறந்தாலும் இத மறக்காதீங்க.”

அதோடு ஒரு விதியும் போட்டார். யாரும் தனியாகக் கழற்றக்கூடாது. உள்ளே ஒருவர் கழற்ற, திரைக்கு வெளியே ஒருவர் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

“அஞ்சாறு மணித்தியாலம் இதுக்குள்ள வேகி வாற ஆளுக்கு மூளை வேல செய்யாது. அதனால நீங்க யோசிக்காதீங்க. வெளிய நிக்கிற ஆள் சொல்றதச் செய்யுங்க. அவ்வளவுதான். விளங்கிச்சா?”

“ஓம் சேர்,” என்றோம்.

யோசிக்காதீங்க... அந்தச் சொல்லைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

காலையில் சுபியான் காக்கா உள்ளே போவார். பகல் சாப்பாட்டிலிருந்து மஃரிப் வரை நான். இரவுக்குப் பவிதரன் சேரே நிற்பார். வெளிப் பக்கத்து வேலை முழுக்க ஸகியாவுக்கு. எனக்குச் சொல்லிக் கொடுக்க நிற்பவளும் அவள்தான்.

சுபியான் காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்கு அரிசி லொறி ஓடியவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பெண்பிள்ளைகள். நல்ல உடம்பு. கட்டிலோடு கிடக்கும் மனிதர்களைக் குழந்தை மாதிரி அள்ளித் தூக்குவார். அவர்கள் மலம் கழித்திருந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். “நம்மட வாப்பாக்குச் செய்யமாட்டமா?” என்பார். நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை.

முதல் சில நாட்கள் ஒரு பிழையும் இல்லை. வேலை முடிந்ததும் கழற்றும் அறைக்கு வந்து, சுவரில் இருக்கும் அழைப்பு மணியை அழுத்துவேன். மேல்மாடியிலிருந்து ஸகியா இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்கும். டப்... டப்... டப். படியின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கில் ஏறி நிற்பாள். பொலித்தீன் தடிப்பானது, முகம் தெரியாது. அவளுடைய கறுப்பு ஹபாயா ஒரு நிழலாகத் தெரியும். முகம் இருக்கும் இடத்தில் மாஸ்க்கின் வெளிர்நீலம் ஒரு துண்டாகத் தெரியும்.

“கையுறை... சரி. கைய மருந்து போட்டுத் தேய்... சரி. கவுன்... ஆறுதலா, ஆறுதலா...”

அவள் குரல் மாஸ்க்குக்குள்ளும் பொலித்தீனுக்குள்ளும் அமுங்கி, தண்ணீருக்கடியில் இருந்து கதைப்பது போல வரும். அந்த நாட்களில் எங்கள் எல்லாருடைய குரலும் அப்படித்தான்.

அந்த உடுப்பைப் போட்டவர்களுக்குத் தெரியும். வேர்வை காலுறைக்குள் இறங்கிச் சளக் சளக் என்று கேட்கும். கண்ணாடித் தட்டு ஆவி பிடித்துப் பார்வை மங்கும். காது அடைத்துவிடும். அந்த நிலையில் வெளியே ஒரு குரல் கேட்பது எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

பிறகுதான் சின்னச் சின்னதாகத் தொடங்கியது.

ஒரு பின்னேரம் மணியை அழுத்தினேன். விரலை இன்னும் எடுக்கவில்லை.

“வந்திட்டன்.”

குரல் உடனே கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் நிழல் நின்றது. செருப்புச் சத்தம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. முன்னமே வந்து நிற்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்லக் கழற்றினேன். எல்லாம் சரியான முறைதான். கையுறை, கவுன், கண்ணாடித் தட்டு. திரையை விலக்கி வெளியே வந்தேன். ஸகியா இல்லை. மேலே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போய், கிணற்றடியில் குளிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது.

அந்தக் குரல் அமுங்கவில்லை.

தெளிவாக இருந்தது. மாஸ்க் போடாமல் கதைப்பது போல. திரையே இல்லாதது போல...

களைப்பில் அப்படிக் கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளும் அப்படியே. மணியை அழுத்தியதும் “வந்திட்டன்.” அன்று வெளியே வந்தபோது தரையைப் பார்த்தேன். சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதில் நின்றவர் படிக்குப் போனால் சீமெந்துத் தரையில் ஈரக்கால் பதிய வேண்டும். எப்போதும் பதியும். துடைப்பதே எனக்கு வேலை.

தரை காய்ந்து கிடந்தது.

கச்சான் காற்றுக்குக் காய்ந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் காலை வைத்ததும் என் ஈரக்கால் பதிந்தது. முற்றத்துக்குப் போய் மாஸ்க்கைக் கழற்றி, கைகழுவித் திரும்பி வந்து பார்த்தேன். அது இன்னும் காயவில்லை.

அதற்கு அடுத்த நாள் சீனிமுகம்மது மூத்தாப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு காலத்தில் வட்டவிதானை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை. கண் இரண்டும் மங்கிவிட்டது. காது மட்டும் கூர்மை. இரவில் வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தத்தை வைத்தே யார் வரம்பை வெட்டியிருக்கிறான் என்று சொல்லக்கூடியவராம். அவர் கட்டில்தான் கழற்றும் அறைக் கதவுக்குப் பக்கத்தில்.

“புள்ள, பின்னேரத்துல அந்த அறைக்குள்ள ஆரோட கதைக்கிறாய்?”

“ஸகியாவோட மூத்தாப்பா.”

அவர் கஞ்சியை விழுங்கினார்.

“ஸகியா வெளிய நிண்டெல்லுவா கதைக்கும்?”

“ஓம். திரைக்கு அங்கால.”

“இது உள்ளுக்க இரிந்து கதைக்கிது,” என்றார்.

காய்ச்சல். பிதற்றுகிறார். வாயைத் துடைத்துவிட்டு எழும்பினேன். ஆனால் அன்று மணியை அழுத்த என் கை தயங்கியது. இதை மறைக்க மாட்டேன்.

அது வியாழக்கிழமை. காற்று பின்னேரமே நின்றுவிட்டது. இரண்டு பேருக்கு ஒக்சிஜன் அளவு குறைந்து, ஒக்சிஜன் பூட்டி, கவிழ்த்துப் படுக்க வைத்து, பவிதரன் சேருக்குப் போன் எடுத்து... எனக்கு நிற்கக்கூட முடியவில்லை. மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கியபோது கழற்றும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

மணியை அழுத்தினேன்.

“வந்திட்டன்.”

நிழல் நின்றது. பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது.

“கையுறை.”

கழற்றினேன்.

“கை.”

மருந்து போட்டுத் தேய்த்தேன்.

“மாஸ்க்.”

என் கை மேலே போனது. யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்றுதானே பழகியிருந்தோம். கண்ணாடித் தட்டுக்குக் கீழே விரலை விட்டு, மாஸ்க்கின் கீழ்ப் பட்டியைப் பிடித்தேன். தலைக்கு மேலால் இழுத்தேன். பட்டி கழன்றது.

அப்போதுதான் உடம்பில் கவுன் இன்னும் இருப்பது தெரிந்தது.

மாஸ்க் கடைசி...

“ஸகியா? கவுன் இன்னும் கழட்டல்லகா,” என்றேன்.

“பரவாயில்ல. மாஸ்க்.”

ஸகியாவின் குரல்தான். சந்தேகமே இல்லை. அவளுடைய லேசான கரகரப்பு. அவள் சொல்லும் விதம். ஆனால் அந்த அன்பு இல்லை. எப்போதும் வரும் “ஆறுதலா, ஆறுதலா” இல்லை.

பாங்கு முடிந்தது.

அந்த அமைதியில் மேல்மாடியில் ஒரு சத்தம் கேட்டது. தட்டு ஒன்று விழுந்து உருண்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் குரல். மாஸ்க்குக்குள் அமுங்கிய குரல்.

“றுமானா... கொஞ்சம் நில்லுகா! ஸஹீத் ஹாஜியார் சோத்தக் கொட்டிட்டாரு. தோ வாறன்!”

ஸகியா.

மேலே.

திரைக்கு அந்தப் பக்கம் நிழல் அசையவில்லை.

முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். வெளிர்நீலத் துண்டு இல்லை. அங்கே மாஸ்க் இல்லை. வெறும் முகம்... தோலின் நிறம்.

“மாஸ்க்கக் கழட்டு,” என்றது.

என் காதுக்குப் பக்கத்தில்.

திரைக்கு அப்பால் அல்ல. அறைக்குள்.

சுவரோடு சாய்ந்தேன். இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தேன். காற்று இல்லை. ஆனால் பொலித்தீன் என் பக்கமாக உப்பியது. மெதுவாக... மெதுவாக...

அதில் ஒரு கை பதிந்தது.

ஐந்து விரல்.

கையுறை இல்லாத கை.

கண்ணை மூடினேன். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதினேன். பாதியில் மறந்தது. திரும்பத் தொடங்கினேன். மறந்தது. சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் மறக்காதது...

“கழட்டு.”

“கழட்டு.”

டப்... டப்... டப்.

படியில் செருப்புச் சத்தம்.

“என்னகா செய்றாய்? கவுனோட நிண்டு மாஸ்க்க ஏன் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாய்?”

கண்ணைத் திறந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு நிழல். நடுவில் வெளிர்நீலத் துண்டு. அமுங்கிய குரல். என் உயிர் திரும்பி வந்தது.

அவள் சொல்லச் சொல்ல மிச்சத்தைக் கழற்றினேன். ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே கழற்றினேன். வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், தண்ணீர் கொடுத்துவிட்டு, ஸகியா தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னாள்.

“ஒனக்கு என்னோட கோவம் எண்டு நெனச்சன்.”

“ஏன்?”

“நான் மணி கேட்டு இறங்கி வரக்குள்ள நீ கழட்டி முடிச்சி வெளிய போயிருப்பாய். ரெண்டு நாளா. நான் சுணங்கிறன் எண்டு தனியாக் கழட்டுறாய் போல எண்டு... கேக்கவும் வெக்கமாக் கிடந்திச்சி.”

இரண்டு நாள்.

இரண்டு நாளும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

பவிதரன் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. நாடி பிடித்துப் பார்த்தார். உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கரைத்துத் தந்தார்.

“இந்த வெக்கைக்கு உடம்புல தண்ணி வத்தினா சத்தம் கேக்கும், ஆளும் தெரியும். நான் ஆஸ்பத்திரியில கண்டிருக்கன். ரெண்டு நாள் வீட்ட நில்லுங்க. நான் சுபியானை உங்கட நேரத்துக்கும் போடுறன்.”

அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் கணவர் அஸ்ஹர் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சுபியான் காக்காவுக்குப் போன் எடுத்தேன். அறையில் தனியாக நின்று, மெதுவாகத்தான் கதைத்தேன். மகள் அப்னா கேட்டால் பயப்படுவாள்.

“காக்கா, அந்த அறையில கழட்டக்குள்ள கவனம். ஸகியாட சத்தம் கேட்டாலும் செருப்புச் சத்தம் கேட்டாத்தான் நம்புங்க. ஆரு சொன்னாலும் மாஸ்க்க மட்டும் முதல்ல கழட்டிப்போடாதீங்க.”

அவர் சிரித்தார். “லொறி ஓடின காலத்துல ராவுல காட்டு ரோட்டுல நான் காணாததா தங்கச்சி? நீ ஒண்டுக்கும் பயப்படாத. ஓதிட்டுப் படு.”

“காக்கா, சத்தியமாச் சொல்லுங்க. கழட்டமாட்டீங்கதானே?”

“ஓம். ஓம். கழட்டமாட்டன்.”

இரண்டு நாளும் நான் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். பவிதரன் சேர் கழற்றும் அறையைப் பூட்டிவிட்டிருந்தார். முற்றத்தில் நான்கு தடி நட்டு, கூடாரம் கட்டி, அங்கே கழற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“முந்தநாள் பின்னேரம் சுபியான் அந்த அறைக்குள்ள மாஸ்க்க முதல்ல கழட்டிட்டார். ஸகியா இறங்கி வரக்குள்ள கவுனோட, வெறும் முகத்தோட நிக்கிறார். ஏன் அப்பிடிச் செஞ்சீங்க எண்டு எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டன். மறந்திட்டன் சேர் எண்டு மட்டும் சொல்றார்.”

சுபியான் காக்காவை நீல நிறம் பூசிப் பழக்கிய நாளிலிருந்து நான் பார்க்கிறேன். எங்கள் எல்லாரிலும் ஒழுங்காகக் கழற்றியவர் அவர்தான். மறக்கக்கூடிய ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முதியவர்கள் ஆறு பேரில் ஐந்து பேர் தப்பினார்கள். சீனிமுகம்மது மூத்தாப்பாவும் தப்பினார். எழும்பி உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டார். அந்தக் குரலைப் பற்றி அவரிடம் இன்னொரு முறை கேட்டேன். மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பிறகு அந்த வீட்டைப் பற்றி விசாரித்தேன். கட்டினவரின் மகனையே தேடிப் போய்க் கேட்டேன். அங்கே யாரும் தூக்குப் போடவில்லை. யாரும் எரியவில்லை. சுனாமியில்கூட அந்த வீட்டில் ஒரு சாவும் இல்லை, எல்லாரும் மேல்மாடியில் ஏறித் தப்பியிருக்கிறார்கள். களஞ்சிய அறையில் அரிசி மூட்டைதான் இருந்தது. எப்போதும் அரிசி மூட்டைதான்.

ஒரு காரணம் கிடைத்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

சுபியான் காக்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடவைதான் எனக்குப் போன் எடுத்தார். அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு எழும்பியிருந்தேன். ஒக்சிஜன் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் விட்டு விட்டு வந்தது.

“தங்கச்சி... ஒண்டு சொல்லணும். நீ அழப்படாது.”

“சொல்லுங்க காக்கா.”

“அந்த மாஸ்க் விசயம்... நான் சேருக்கும் சொல்லல்ல. என்ட பொஞ்சாதிக்கும் சொல்லல்ல. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீ பயப்படாத.”

எனக்கு விளங்கவில்லை.

“நான் ஏன் காக்கா பயப்படணும்?”

“நீ வேணுமெண்டு சொல்லல்ல. எனக்குத் தெரியும். களைப்புல மாறிச் சொல்லிட்டாய். மனிசருக்குப் பிழை வாறதுதானே...”

“காக்கா... நான் என்ன சொன்னன்?”

மூச்சு இழுத்தார். மெதுவாக விட்டார்.

“அண்டைக்கு நீதானே வந்து நிண்டாய். போன்ல நான் சொன்னது பிழை காக்கா, மாஸ்க்க முதல்ல கழட்டுங்க எண்டு. நான் ரெண்டு தரம் கேட்டன். ரெண்டு தரமும் ஓம் எண்டாய்.”

போனில் நான் சொன்னது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

“காக்கா, நான் வரல்ல. அண்டைக்கு நான் வீட்ட இரிந்தன். காக்கா... அல்லாஹ்மேல சத்தியமா...”

“வேற ஆக்கள் சொல்லியிருந்தா கழட்டியிருக்கமாட்டன் புள்ள,” என்றார். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை போல. “திரைய விலத்திக்கிட்டு நிண்டாய். ஒன்ட முகத்தப் பாத்துத்தான் கழட்டினன். மாஸ்க் போடாம... சிரிச்சிக்கிட்டு நிண்டாய்.”

யாரோ வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினார்கள். தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவை, கொரோனாவில் இறந்தவர்களை அடக்க அரசாங்கம் ஒதுக்கிய ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள்.

அவர் சொன்ன அந்தப் பின்னேரம் நான் நிந்தவூரில், என் வீட்டில், அப்னாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மஃரிப் தொழுதேன். அஸ்ஹர் எங்களுக்கு முன்னால் நின்று தொழுவித்தார். இரண்டு பேரும் சாட்சி.

சுபியான் காக்கா என்னை மன்னித்துவிட்டுப் போனார். அது நான் இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.